புயலைத் திருப்பிய பூசணிக்காய்

வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு தலைகாட்டினால் போதும், போர்ட் பிளேரில் மீன் விலை ஏறும். கப்பல் டிக்கெட் கவுண்டரில் சண்டை வரும். டெலானிபூர் மேட்டில் பக்தவத்சலத்துக்கு அருள் வரும்.

பக்தவத்சலம் முன்பு அரசாங்க ஆபீசில் டெஸ்பாட்ச் கிளார்க். ரிட்டயர் ஆனதும் சும்மா இருக்க முடியாமல் சாமியாகிவிட்டார். அதுவும் சாதா சாமி இல்லை, கம்ப்யூட்டர் மாடல் பார்த்துக் குறி சொல்லும் 'மாடல் சாமி'. கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் பெரிய டிவி. அதில் வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் போட்ட புயல் படம். கடல் நடுவே ஒரு புள்ளி, அதிலிருந்து கலர் கலராய்க் கோடுகள். ஒன்று பர்மாவுக்குப் போகும், ஒன்று ஒரிசாவுக்கு, ஒன்று நம் தலைமேல். பார்த்தவர்கள், "கம்ப்யூட்டருக்கே குழப்பம் போல" என்று சொல்லியிருக்க வேண்டும். சாமி முந்திக்கொண்டார். "இவை கோடுகள் அல்ல, நாகங்கள்." கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சிவப்பு நாகத்துக்குச் சேவல். மஞ்சளுக்குப் பூசணி. பச்சைக்கு இளநீர்க் குலை. கறுப்புக்குக் கறுப்புக் கோழி. சௌல்தாரி கிராமத்திலிருந்து பூசணி ஜீப்பில் வந்து இறங்கியது. பெங்காலி, தெலுங்கர், மலையாளி, நம்ம ஆள் என்ற பேதமே இல்லை, எல்லோர் கையிலும் ஒரு காய்.

பூஜையை எப்படியும் சாயங்காலம் வரை இழுப்பார். அதற்குள் கம்ப்யூட்டர் புதுப் படம் அனுப்பிவிடும். கோடு கொஞ்சம் நகர்ந்திருக்கும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, "பாருங்கள், புயல் திரும்பிவிட்டது" என்பார். கோடு நம் பக்கமே நகர்ந்திருந்தால்? "யாரோ தீட்டோடு வந்திருக்கிறீர்கள்." எப்படிப் போட்டாலும் சாமிக்கே ஜெயம்.

எதிர்க் குவார்ட்டர்ஸில் இருக்கும் நான் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். விஜயகுமாரி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்பவள். கைக்குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. சென்னையில் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை கப்பலில் பங்க் படுக்கை டிக்கெட்டும் கிடைத்திருந்தது. இரண்டில் எது பெரிய அதிசயம் என்று தீவுக்காரர்களுக்குத் தெரியும்.

"ஐயா, புள்ளய கப்பல்ல ஏத்தலாமுங்களா?"

சாமி கறுப்புக் கோட்டில் விரலை வைத்தார். "இது உன் கப்பலை விழுங்கும் நாகம். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு. மூன்று அமாவாசைக்குக் கறுப்புக் கோழி கொண்டுவா. அப்புறம் போகலாம்."

"அம்புட்டு நாளு புள்ள தாங்காதுன்னு டாக்டரு சொன்னாருங்க."

"டாக்டருக்குப் புயலைப் பற்றி என்ன தெரியும்?"

கூட்டம் தலையாட்டியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிக்கெட் கவுண்டருக்குக் கிளம்பினாள். நல்லவேளை, பக்கத்து வீட்டு பூகோள டீச்சர் உமா மகேஸ்வரி அவளை வழியில் மறித்தாள். "நாளைக் காலை வரைக்கும் பொறு. கேன்சல் பண்ண அப்பவும் கவுண்டர் இருக்கும்."

மறுநாள் காலை உமா மகேஸ்வரி செல்போனோடு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு பக்தி. "சாமி, ஜெர்மன் கம்ப்யூட்டர் படம். சுடச்சுட வந்தது."

படம் டிவியில் ஏறியது. தீவுகள், கடல், கலர் கலராய்க் கோடுகள். சாமி கண்ணை மூடித் திறந்தார். "ஆகா, ஊதா நாகம். இதுவரை வராத நாகம். சிவப்போடு பிணைந்து நேரே ஹார்பருக்கு வருகிறது. இதற்குக் கத்தரிக்காய் வேண்டும். ஒரு மூட்டை."

"பக்காவா சாமி?"

"நாற்பது வருஷத் தவம் அம்மா. பக்கா." அந்தத் தவம் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் நடந்தது என்பதை நான் சொல்லவில்லை.

டீச்சர் பையிலிருந்து பள்ளிக்கூட மேப் ஒன்றை எடுத்து விரித்தாள். அதன்மேல் எம்பிராய்டரி நூல்கள் ஒட்டியிருந்தன. அதே சிவப்பு, அதே ஊதா, ஹார்பர் பக்கம் அதே சிக்கல்.

"என் தையல் டப்பாவை நேற்று எங்க வீட்டுப் பூனை கலைத்தது. அது கலைத்த மாதிரியே ஒட்டிப் போட்டோ எடுத்தேன், சாமி."

"அப்ப பூனைக்கா ஒரு மூட்டை கத்தரிக்காய்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சாமி டிவி ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார்.

"ஆரம்பக் கணக்கைத் துளித்துளி மாற்றி கம்ப்யூட்டரைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள்" என்றாள் டீச்சர். "ஒவ்வொரு கோடும் ஒரு 'இப்படியும் ஆகலாம்'. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் போனால் உஷாராக வேண்டும். இப்படிச் சிதறிக் கிடந்தால், 'இன்னும் தெரியவில்லை' என்று அர்த்தம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு புதுப் படம் வரும், பூசணி உடைத்தாலும் உடைக்காவிட்டாலும்." பிறகு, கோழியோடு கூட்டத்தில் நின்ற விஜயகுமாரியைப் பார்த்தாள். "ஆபத்து என்றால் ஹார்பரிலேயே கப்பலை நிறுத்திவிடுவார்கள். அவர்கள் நிறுத்தாத கப்பலை நிறுத்த இவர் யார்?"

விஜயகுமாரி டிக்கெட்டை முந்தானையில் முடிந்தாள். "எம் புள்ள உசுர ஒங்க கோழிக்கு அடகு வச்சிருப்பேனேய்யா" என்றாள் சாமியிடம். காணிக்கைக்குக் கொண்டுவந்திருந்த கறுப்புக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குழந்தையோடு மேட்டை விட்டு இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை கப்பல் புறப்பட்டது. தாழ்வு நடுக்கடலிலேயே மழையாய்க் கரைந்தது. ஆபரேஷன் முடிந்து பிள்ளை பால் குடிக்கிறதாம், டீச்சருக்குப் போன் வந்தது.

அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தால், எதிரே நாலு பேர் பூசணியோடு நிற்கிறார்கள், தாழ்வைக் கரைத்த சாமிக்கு நன்றி சொல்ல. அவர்களுக்குத்தான் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று அந்தக் கம்ப்யூட்டர் இத்தனை கோடு போட்டு ஒத்துக்கொள்கிறது. உங்கள் சாமி ஒரு தடவையாவது ஒத்துக்கொண்டாரா? கையில் இருப்பது பூசணிக்காய், சரி. கழுத்துக்கு மேலே இருப்பதும் அதுவேதானா என்று ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்.