லொறிப் போடியாரின் கடைசி மருமகன்

லொறிப் போடியாரைப் போல மருமகனின் மானத்தை வாங்கிய மாமனார் கிழக்குக் கரையில் முன்னும் பிறக்கவில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. மற்ற மாமனார்மார் ஏசுவார்கள், குத்திக் கதைப்பார்கள், ஊரெல்லாம் குறை சொல்லித் திரிவார்கள். இவர் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. வாசலில் ஒரு லொறியை நிறுத்தி, மாமியையும் கூட்டிக்கொண்டு அதற்குள் குடியேறினார். அவ்வளவுதான், என் கதை முடிந்தது.

அவருடைய சொந்தப் பெயர் கல்முனையில் ஒருவருக்கும் தெரியாது. தபால் கந்தோரில் வேலை செய்த எனக்கே என் கலியாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரியும். சாகாமத்தில் வயல் இருந்ததால் போடியார். லொறி எழுபத்தேழில் வந்து ஒட்டிக்கொண்டது.

வயலுக்குத் தண்ணீர்ப் பம்பு வாங்குவதற்காக அம்பாறையில் ஓர் ஏலத்துக்குப் போனாராம். பம்பு வாங்கவில்லை. உலகச் சண்டைக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்து, பிறகு குளக்கட்டுக்குக் கல் சுமந்து, கடைசியில் பெட்டிக்குள் புல் முளைத்து நின்ற ஆறு சக்கர லொறியை வாங்கினார். ஓடாத லொறி! இறக்காமத்தில் நாலு சோடி எருமை பிடித்துக் கட்டி, இரண்டு நாளாக இழுத்து வந்தார். லொறி திருத்துகிற கராஜ் பாஸ் மூன்று மாதம் அதற்குக் கீழேயே படுத்துக் கிடந்தார். பாஸின் மனைவி சோற்றுப் பார்சலைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுப் போவாராம்.

சரி, நெல் ஏற்றுவார் என்று ஊர் நினைத்தது. ஒரு மூடை ஏற்றினாரா? நெல் வழக்கம்போல மாட்டு வண்டியில் வந்தது. அதற்கு முன்னால் வெறும் லொறியில் போடியார் வந்தார். ஜும்ஆவுக்கு லொறி, மீன் வாங்க லொறி, ஒரு கட்டு வெற்றிலைக்கும் லொறி. அது ஸ்டார்ட் ஆகும் சத்தத்தில் தெருவிலுள்ள தொட்டில் பிள்ளைகளெல்லாம் ஒன்றாக வீறிட்டன.

"நெல்லேத்தாத லொறி என்னத்துக்குப் போடியார்?" என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

"நெல்லுக்கு வண்டி இரிக்கிதானே. இது எனக்கு."

எழுபத்தொன்பதில் அவருடைய கடைக்குட்டி மகளை எனக்குப் பேசினார்கள். மாப்பிள்ளையைத் தானே வந்து கூட்டிப்போவதாகப் போடியார் சொல்லியனுப்பினார். எங்கள் நிந்தவூர் வீட்டார் கார் வரும் என்று காத்திருந்தார்கள். வந்தது எது என்று நான் சொல்லவும் வேண்டுமா? முன்னால் இடமில்லை என்று பின்பெட்டியில் ஏற்றினார். வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்ட மாப்பிள்ளை இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெல்மூடை போல ஆடி ஆடி, காரைதீவுக்கூடாகக் கல்முனைக்கு வந்தேன். இறங்கும்போது புகையும் புழுதியும் பட்டு என் கோட்டு தேயிலை நிறத்தில் இருந்தது. பெண்ணின் சாச்சி என்னை நேருக்கு நேர் பார்த்து, "கிளீனர் தம்பி, மாப்பிள்ள எங்க?" என்று கேட்டார். இன்றைக்கும் இதை எழுதும்போது பேனை தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்!

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவார். போடியார் மூத்த மகள்கள் மூவருக்கும் மூன்று வீடு கட்டிக் கொடுத்தார். கடைசி மகளுக்குத் தான் குடியிருந்த வீட்டையே கொடுத்தார். அப்படிக் கொடுத்த தாய் தகப்பன் பின்னறையிலோ, குசினிப் பக்கம் ஒரு கொட்டிலிலோ ஒதுங்கிக்கொள்வார்கள். நான் அப்படியும் ஒதுக்கவில்லை. பெரிய அறை உங்களுக்குத்தான் மாமா என்று முதல் நாளே சொன்னேன். இதை அல்லாஹ் அறிவான். ஊர்தான் அறியவில்லை.

கலியாணம் முடிந்து ஏழாம் நாள் வாள் அறுக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், வாசலில் நின்ற லொறிப் பெட்டிக்குப் பலகைச் சுவர் ஏறுகிறது. மேலே தகரம், பக்கத்துக்கொரு ஜன்னல், ஜன்னலுக்குப் பூப்போட்ட சீத்தைத் துணித் திரை, பின்னால் ஏணி. அன்று பின்னேரமே மாமி கோழிக்கூட்டையும் குத்துவிளக்கையும் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். டிரைவர் சீட் போடியாரின் சாய்மனைக் கதிரையாகிவிட்டது. ஸ்டியரிங்கில் பத்திரிகையை விரித்து வைத்து வாசிப்பார். ஹோர்ன் ஒருமுறை அடித்தால் தேத்தண்ணி, இரண்டுமுறை அடித்தால் வெற்றிலை. எல்லாம் தெருவைப் பார்த்தபடி, பாடசாலைக்குப் போகிற பிள்ளைகள் கைகாட்டிப் போகிற இடத்தில்.

ஊர் என்ன சொல்லும்? குடிவந்து ஏழு நாளில் மாமனாரையும் மாமியாரையும் மருமகன் துரத்திவிட்டான் என்றது. கந்தோரில் முத்திரை வாங்க வருகிறவர்கள் முத்திரையை நக்கி ஒட்டிக்கொண்டே விசாரித்தார்கள். ஒரு கிழவி கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

"தம்பி, மாமியார லொறில ஏத்தி வெச்சிருக்கீங்களாம். எங்க கொண்டுபோய் இறக்கப் போறீங்க?"

நான் கெஞ்சாத கெஞ்சலில்லை. "மாமா, உள்ள வாங்க. எனக்கு வெளிய தல காட்ட ஏலாம இரிக்கி."

"தல காட்டாட்டி என்ன மருமகன்? உங்களுக்குத்தான் ஊடு இரிக்கே, உள்ளுக்கு இரிங்க."

"மாமி, நீங்களாவது சொல்லுங்க."

"காத்து நல்லா வருது மகன்" என்றார் மாமி.

மாரி மழை பிடித்தபோது எப்படியும் இறங்குவார்கள் என்று குடையோடு ஏணிக்குக் கீழே நின்றேன். நான் நனைந்ததுதான் மிச்சம். அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

என் வாழ்நாளில் அப்படி ஓர் அவமானம்! அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளி நிர்வாகிகளான ஐந்து மரைக்கார்மார் வரிசையாக உட்கார்ந்திருக்க, நான் திருடனைப் போல நின்றேன். பெரிய மரைக்கார் தொண்டையைக் கனைத்தார். "தம்பி, பெத்த புள்ளயக் கட்டித் தந்த மனிசன நடுத்தெருவுல வெச்சிருக்கீங்க. உங்களுக்கு ஈமான் இரிக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே பள்ளிவாசல் சுவர் அதிர்ந்தது. போடியார் வீட்டோடு வந்துவிட்டார்! ஜன்னல் திரை ஆடியது. உள்ளே மாமி மீன் ஆய்கிற மணம் வந்தது. போடியார் இறங்கி, லொறியின் பழைய பதிவுக் கடதாசியை மரைக்கார் முன்னால் விரித்தார்.

"என்ட மருமகன்ல ஒரு குத்தமுமில்ல. நான் கேக்கிறத்துக்கு முதல்ல பதில் சொல்லுங்க. நான் பொறந்தது உம்மாட ஊட்டுல. அது தங்கச்சிக்குப் போச்சு. மறுகா பொஞ்சாதிட ஊட்டுக்கு வந்தன். அது இப்ப மகளுக்குப் போச்சு. சந்தோசம், நான்தான் குடுத்தன். ஆனா அறுவது வயசாகிட்டு, ஒரு நாளாவது என்ட ஊட்டுல படுக்க எனக்கு ஆச இரிக்காதா? இந்தக் கடதாசில என்ட பேரு இரிக்கி. பாருங்க. உங்கட ஊடு ஆருட பேருல இரிக்கி மரைக்கார்?"

ஐந்து மரைக்கார்மாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஐந்து பேரும் பெண்சாதி வீட்டில் இருப்பவர்கள். பெரிய மரைக்கார் எழும்பி வெளியே போய், லொறியைச் சுற்றி மெதுவாக நடந்தார்.

"உள்ளுக்கு எத்தின அடி நீளம் போடியார்?"

"பன்னிரண்டு."

"ஆ." குரலைத் தாழ்த்தி, "அந்த ஏலம் இன்னம் நடக்குதா?" என்றார்.

விசாரணை அத்தோடு முடிந்தது. என்னிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா? ஒருவரும் இல்லை! எல்லோரும் லொறிக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முண்டியடித்தார்கள். நான் தனியே நடந்து வந்தேன். நிந்தவூரில் நான் பிறந்த வீட்டில் இப்போது என் தங்கை இருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவள் அந்த வீட்டில் என்னைக் கதிரை போட்டு உட்காரவைத்து உபசரிப்பாள். யாரைக் கோபிப்பது என்று தெரியாததால் போடியாரையே கோபித்தேன்.

பொழுது படும்போது ஹோர்ன் ஒருமுறை அடித்தது. "மருமகன், ஏறுங்க. தேத்தண்ணி ஊத்தியிரிக்கி." அதுவரை அவர் என்னை அதற்குள் கூப்பிட்டதே இல்லை. ஏறினேன். காற்று நன்றாகத்தான் வந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

எண்பத்திரண்டில் எஞ்சின் செத்தது. சக்கரங்கள் அரையடி மண்ணில் இறங்கின. ஒருநாள் போடியார் சாவகாசமாகச் சொன்னார்:

"லொறிய உங்கட பேருக்கு மாத்திட்டன்."

"ஓடாத லொறி எனக்கு என்னத்துக்கு மாமா?"

"ஊடு ஓடியா திரியும் மருமகன்?"

பெற்ற மகள் இருக்க மருமகனுக்கு எழுதினாரே என்று என் மனைவி இரண்டு நாள் உப்பில்லாமல் கறி வைத்தாள். அந்தத் தண்டனையும் எனக்கே!

எண்பத்தாறில் போடியார் மௌத்தானார். குளிப்பாட்டுவதற்காக ஜனாஸாவை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். ஏழு வருடம் கூப்பிட்டதற்கு அன்றுதான் வந்தார். கோபம் தாங்காமல் நான் அழுதேன். மாமி விதவையாக ஒதுங்கி இத்தா இருக்கவேண்டிய நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கட்டும் என்று மகள்கள் நால்வரும் மன்றாடினார்கள். "என்ட மாப்பிள்ளட ஊட்டுலதான் இரிப்பன்" என்று தன் புருசனைச் சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறித் திரையை இழுத்துவிட்டார்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் பழைய இரும்புக்காரன் ஒருவன் வந்தான். மூத்த சகலன் அனுப்பினாராம். அவன் நாலுமுறை லொறியைச் சுற்றி வந்து, பெட்டியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தான். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. தெருவில் போனவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள்.

"டேய்! கைய எடுறா! என்ட ஊட்ட வந்து தட்டிப் பாக்க நீ ஆருடா? போடா வெளிய!"

அவன் சைக்கிளில் கூட ஏறாமல் அதை உருட்டிக்கொண்டு ஓடினான். திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் மெல்லக் கேட்டது.

"ஆரு மகன் அது, ஊட்டுக்கு?"

"ஒருத்தருமில்ல மாமி. நீங்க படுங்க, நான் வாசல்லதான் இரிக்கன்."