மேசைத் தட்டலுக்கு நேரம் ஒதுக்காதவன்

எனக்குச் சுருக்கமாகப் பேச வராது. ஆட்டோக்காரருக்கு வழி சொன்னால்கூட முன்னுரை இருக்கும். இந்த வியாதியைச் சட்டப்பேரவை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை எனக்கு உண்டு.

தமிழ் எம்.ஏ. முடித்த கையோடு எங்கள் எம்.எல்.ஏ.வின் ஆவடி அலுவலகத்தில் மனு வாங்கி அடுக்கும் வேலை கிடைத்தது. எம்.எல்.ஏ. முன்பு பள்ளிக்கூட டீச்சர். எல்லோருக்கும் அவர் மேடம். பேரவையில் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச அவருக்கு எட்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். உரை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. (விழவில்லை, நான்தான் தலையை நீட்டினேன்.)

கல்வி, பொருளாதாரம், குழந்தைகள் பராமரிப்பு என்று மூன்று விஷயம். மூன்றாவதுதான் எங்களுக்கு உயிர். கோவில்பதாகையில் என் அக்கா ஸ்டெல்லா டீச்சராக இருந்த அங்கன்வாடி, ஒழுகும் வாடகை வீட்டில் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். சொந்தக் கட்டடம் வராவிட்டால் பிள்ளைகளை ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் அனுப்ப வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஓடும் அம்மாக்கள் வேலையை விட வேண்டியதுதான்.

"மழை பெஞ்சா ஒரு கையில குடை, ஒரு கையில கரண்டி. அதை எழுதுடா" என்றாள் அக்கா. எம்.ஏ. படித்தவன் கரண்டியை எல்லாம் எழுதுவானா? கண்டுகொள்ளவில்லை.

பேரவையில் முதலில் தலைவர்களை வாழ்த்திவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். மற்றவர்கள் நாலு வரியில் முடிப்பதை நான் எதுகை மோனையோடு மூன்று பக்கம் எழுதினேன். அங்கன்வாடியைக் கடைசியில் வைத்தேன். விருந்தில் பாயசம் கடைசியில்தானே வரும்? கடிகாரத்தை வைத்து வாசித்துப் பார்த்தேன். ஏழு நிமிடம், ஐம்பது விநாடி. விடிய விடிய மெருகேற்றி, மேடம் காரில் ஏறும்போதுதான் கையில் கொடுத்தேன்.

அன்று அங்கன்வாடியில் அம்மாக்களைக் கூட்டி, செல்போனை முட்டை அட்டையில் சாய்த்து, நேரலையைப் போட்டேன். நட்டநடுவில் நான், மாப்பிள்ளை மாதிரி.

மேடம் முதல் வரியை வாசித்தார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். எனக்குப் புல்லரித்தது. இரண்டாவது வரிக்கும் தட்டினார்கள். தட்டி ஓயும்வரை மேடம் காத்திருந்தார். மூன்றாவது வரிக்கும் அதே கதை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேசைத் தட்டலுக்கு நான் நேரமே ஒதுக்கவில்லை! வரி ஒவ்வொன்றும் கைத்தட்டல் வாங்க வேண்டுமென்று பார்த்துப் பார்த்து எழுதிய படுபாவி நான்தான்.

கார்மென்ட்ஸில் வேலை பார்க்கும் மல்லிகா மெதுவாகக் கேட்டார். "நம்ம அங்கன்வாடி எப்போ வரும்ணா? அரை நாள் லீவு போட்டுக்கினு வந்துகீறேன்."

"இதோ வருது" என்றேன். வந்தது மணி. பேரவைத் தலைவர் அடித்துவிட்டார். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு மணி அடித்தால் சோறு. அத்தனை பேரும் தட்டைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வரிசையில் நின்றார்கள். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரரே தேவலை.

இரண்டாவது மணியும் அடித்தது. மேடம் என் காகிதங்களை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"தலைவர் அவர்களே, ஒரே ஒரு விஷயம். கோவில்பதாகை அங்கன்வாடியில மழை பெஞ்சா டீச்சர் ஒரு கையில குடை, ஒரு கையில கரண்டியோட சோறு போடறாங்க. கட்டடம் குடுங்க. பிள்ளைங்க படிக்கும், அம்மாங்க வேலைக்குப் போவாங்க, வீட்டுல அடுப்பு எரியும். நன்றி."

யாரும் மேசையைத் தட்டவில்லை. இங்கே மல்லிகா அழுதுவிட்டார். (அக்கா என்னை நம்பாமல் மேடத்துக்கே நேரில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.) பதிலுரையில் அமைச்சர் கட்டடம் உண்டு என்றார். என் ஜென்மத்தில் அவ்வளவு அவமானமும் அவ்வளவு சந்தோஷமும் ஒரே நாளில் வந்ததில்லை.

சொன்னபடி கட்டடம் வந்தது. திறப்பு விழாவில் மேடம் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். தொண்டையைச் செருமினேன். அக்கா மணியை அடித்தாள். பிள்ளைகள் தட்டோடு வந்து நின்றார்கள்.

இன்றுவரை வீட்டில் நான் வாயைத் திறந்தால் யாராவது கரண்டியால் தட்டைத் தட்டுவார்கள். போன கிறிஸ்துமஸ் விருந்தில் சாப்பாட்டு ஜெபம் சொல்லும் முறை எனக்கு வந்தது. கண்ணை மூடி, "அண்டசராசரங்களையும் படைத்துக் காத்து வருகிற..." என்று ஆரம்பித்தேன்.

டிங்!

"ஆமென்" என்றேன். பிரியாணி சூடாக இருந்தது.