தாய்மாமன் படம் தாங்காத கம்ப்யூட்டர்

மகள் தமிழ்மொழிக்குக் காது குத்த நாள் குறித்த அன்றைக்கே தங்கதுரை ஒரு முடிவெடுத்துவிட்டார். பேனரில் மச்சான் சுபாஷின் படம் வரக்கூடாது. வந்தே தீரும் என்றால், தபால்தலை அளவுக்கு மேல் ஒரு நூல்கூடப் போகக்கூடாது.

முடிவெடுப்பது அவருக்குப் புதிதல்ல. வாரத்துக்கு இரண்டு முடிவாவது எடுப்பார். மனைவியிடம் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

திருக்கோவிலூரில் வீட்டு முன்னறையையே ஸ்டுடியோ ஆக்கி வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் படம் பிடித்து, பேனரும் டிசைன் செய்து தருவார். எத்தனையோ வழுக்கைகளில் முடி முளைக்க வைத்தவர். செத்துப்போனவர்களின் கண்ணைத் திறந்துவிட்டவர். அப்பேர்ப்பட்டவர் தன் மகளின் காதுகுத்துக்குத் தன் கையாலேயே, தன்னை ஆளுயரத்துக்கு நடுவில் நிறுத்தி ஒரு பேனர் போட ஆசைப்பட்டால் அதில் என்ன தப்பு?

தப்பு ஒன்றுமில்லை. மனைவி செந்தமிழ்ச்செல்விக்கு ஒரு தம்பி இருந்தான், அதுதான் தடங்கல்.

காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி. தாய்மாமன் சீர். தாய்மாமனுக்கு மாலை. பெற்ற அப்பன் எங்கே நிற்பது என்று எந்தச் சாஸ்திரத்திலும் ஒரு வரிகூட இல்லை. அதை வாய்விட்டுக் கேட்கவும் வழியில்லை. மனைவி செந்தமிழ்ச்செல்வி, மகள் தமிழ்மொழி. இத்தனை தமிழ் நிறைந்த வீட்டில் தங்கதுரைக்குத்தான் பேச வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஆகவே, 'முடியாது' என்று சொல்லும் பொறுப்பைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் செல்வி வேலையிலிருந்து வந்ததும் தன் போனிலிருந்து ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சேவை மையத்தில் அவளுக்கு வேலை. சாதிச் சான்றிதழ், பட்டா நகல் என்று நாள் முழுக்க அடித்துக் கொடுத்துவிட்டு வருவாள். படத்தில் சுபாஷ், கல்வராயன் மலையில் மேகம் அருவிக்குப் போன இடத்தில் எவனுடைய காரிலோ சாய்ந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு நின்றான்.

"இன்னாங்க, இத்த வலது பக்கம் பெருசாப் போடுங்க. நாம மூணு பேரும் கீழ சின்னதா இருந்தாப் போதும்."

"போட்டுட்டாப் போவுது," என்றார் தங்கதுரை, தேன் ஒழுக.

படத்தைத் திறந்தார். வலது கை மவுஸ் மேல் யோக்கியமாக இருந்தது. இடது கை மட்டும் கீபோர்டின் ஓரத்தில் ஆல்ட்டையும் எப் நாலையும் சேர்த்து ஓர் அமுக்கு அமுக்கியது. சாப்ட்வேர் பட்டென்று மூடிக்கொண்டது.

"அய்யய்யோ! க்ராஷ் ஆயிடுச்சி!"

"மறுபடி தொறங்க."

திறந்தார். மூடியது.

"இன்னொரு வாட்டி."

திறந்தார். மூடியது.

"இன்னாத்துக்கு இப்பிடி ஆவுது?"

"வெயிட்டு ஜாஸ்தி செல்வி. தாங்கல."

"எந்தம்பியா வெயிட்டு?"

"போட்டோவச் சொன்னேன். எம்.பி. ஜாஸ்தி."

"எங்க வூட்ல ஒருத்தரும் வார்டு மெம்பருக்கே நிக்கல. எம்.பி. எங்கேர்ந்து வந்துச்சி?"

இந்த வெள்ளந்தி மனசை ஏமாற்றுகிறோமே என்று தங்கதுரைக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒரே ஒரு கணம்தான்.

ஆனால் செல்வி, நோய் என்றால் வைத்தியம் பார்க்காமல் விடமாட்டாள். செவ்வாய்க்கிழமை வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"இன்னா கோளாறுன்னு பாத்தீங்களா?"

"ஹார்டு டிஸ்க்ல எடமே இல்ல. அதான்."

சொல்லி வாயை மூடுவதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலேஜ் நாளிலிருந்து தங்கதுரை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்த இருநூற்றுப் பதினாலு சினிமாவும் கால் மணி நேரத்தில் காலி.

"இப்ப மைதானம் மாதிரி எடம் இருக்கு. தொறங்க."

நெஞ்சு எரிய, ஆல்ட்டை அமுக்கினார்.

புதன்கிழமை, "பொட்டி சூடாவுது" என்றார். படுக்கையறை டேபிள் ஃபேன் இடம் மாறிக் கம்ப்யூட்டருக்குக் காற்று வீசியது. பங்குனி வெயிலில் கம்ப்யூட்டர் கொடைக்கானலில் இருக்க, தங்கதுரையின் மதியத் தூக்கம் செங்கல் சூளையில் நடந்தது. வியாழக்கிழமை, "வோல்டேஜ் கம்மியா வருது" என்று வாயைக் கொடுத்தார். செல்வி ஃபிரிட்ஜை அணைத்தாள், மோட்டாரை அணைத்தாள், டிவியையும் அணைத்தாள். அப்போது கிரிக்கெட்டில் கடைசி ஓவர், ஐந்து பந்துக்கு ஒன்பது ரன். யார் ஜெயித்தார்கள் என்பதை மறுநாள் டீக்கடையில்தான் தெரிந்துகொண்டார்.

இவ்வளவு இழந்தும் மனிதர் அசையவில்லை. தியாகம் செய்யாமல் விடுதலை பெற்றவர் யார்?

வெள்ளிக்கிழமை செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க போட்டோவத் தொறங்க."

திறந்தது. முகம் முழுசாகச் சிரித்தது.

"பாப்பாவுது?"

திறந்தது.

"எங்க அம்மாவுது?"

இடது கை துடித்தது. தங்கதுரை அதைத் தொடைக்கு அடியில் வைத்து அடக்கினார். மாமியாரும் திறந்தார்.

"அப்ப எந்தம்பி போட்டோ மட்டும்தான் சேரல."

"ஆமா செல்வி. எனக்கே மனசு கஷ்டமாத்தான் இருக்கு. நாம இன்னா பண்ண முடியும்? மிஷினாச்சே."

செல்வி அவர் தொடைக்கு அடியில் இருந்த இடது கையைப் பார்த்தாள்.

"செரி, வுடுங்க. உங்க போட்டோவையே பெருசாப் போட்டுக்குங்க."

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் செல்வி எதையும் ஒரே வாக்கியத்தில் விட்டுக்கொடுத்ததில்லை. அங்கேயே தங்கதுரைக்கு மயிர்க்கூச்செறிந்திருக்க வேண்டும். அவரோ, "ஒரு டீ போடேன்" என்றார். போட்டும் கொடுத்தாள். அப்போதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தார். தன் மீசையைத் தடிப்பாக்கினார். தொப்பையை வெட்டி எறிந்தார். பின்னால் ஒரு சிங்கத்தை நிறுத்தினார். மத்தியானம் எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டுக் கையில் டீயோடு வந்து மறுபடி திறந்தால், சாப்ட்வேர் தானாக மூடிக்கொண்டது.

இடது கையைப் பார்த்தார். அது டீ கிளாஸைப் பிடித்திருந்தது. வலது கையைப் பார்த்தார். நிரபராதி.

மறுபடி திறந்தார். மறுபடி மூடியது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பெட்டியைக் கழற்றித் தூசி ஊதினார். உள்ளே இருந்த மெமரி பலகையை மகளின் ரப்பரால் தேய்த்துத் துடைத்தார். வோல்டேஜ் கம்மியோ என்று தானே போய் ஃபிரிட்ஜை அணைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கம்ப்யூட்டர் மெக்கானிக் ஜாபருக்குப் போன் போட்டார்.

"பாய், சாப்ட்வேர் நெசமாவே க்ராஷ் ஆவுது!"

"நெசமாவேன்னா? அப்ப இதுக்கு முன்னாடி?"

தங்கதுரை போனை வைத்துவிட்டார்.

செல்வி வந்தபோது வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார்.

"செல்வி, மூடிக்கினே இருக்குது."

"எந்தம்பி போட்டோவ இன்னாத்துக்குத் தொறந்தீங்க?"

"அய்யோ, எம் போட்டோ செல்வி! எம் போட்டோ!"

"அடப் பாவமே. திங்கக்கெழம விசேஷம். செரி, பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க. நாளைக்குக் கள்ளக்குறிச்சி போயி ஒரு கடைல நானே பக்கத்துல ஒக்காந்து அடிச்சிகினு வந்துடறேன்."

தன்னுடைய பத்தொன்பது படங்களையும், எது நடுவில், எது ஓரத்தில் என்று எழுதிய ஒரு பக்கக் காகிதத்தையும் கொடுத்தார் தங்கதுரை. கோயில் பிரசாதம்போல இரண்டு கையாலும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை. களமருதூர் பக்கத்தில் குலதெய்வக் கோயில். "வேற ஆளு எதுக்கு, நீங்களே படம் எடுத்துடுங்க" என்று செல்வி சொல்லியிருந்ததால், பட்டுச் சட்டைமேல் கேமராவை மாட்டிக்கொண்டு இறங்கினார் தங்கதுரை. நிமிர்ந்து பேனரைப் பார்த்தார்.

பன்னிரண்டு அடி. உச்சியிலிருந்து கால்வரை சுபாஷ். அவன் முழங்கையிலிருந்து மேகம் அருவி கொட்டியது. 'கல்வராயன் மலையே, கண்மணிக்குக் காது குத்த வா!' என்று தலைப்பு. கீழே செல்வி, தமிழ்மொழி, மாமியார், சுபாஷின் நண்பர்கள் பதினொரு பேர். விருந்துக்கு வாங்கிய கிடா ஆடுகூட ஒரு வட்டத்துக்குள் நின்றது. தங்கதுரை தன்னை வலமிருந்து தேடினார். இடமிருந்து தேடினார். பேனருக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தார். அங்கே வெள்ளையாக இருந்தது.

"செல்வி... நா எங்க?"

"அத்த ஏங் கேக்கறீங்க? உங்க போட்டோவத் தொறந்தாலே அந்தக் கடை சாப்ட்வேர் மூடிக்குது. மூணு வாட்டி பாத்தோம். நாம இன்னா பண்ண முடியும்? மிஷினாச்சே."

தங்கதுரை இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ஆல்ட்டும் எப் நாலும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒண்ணுதாங்க," என்றாள் செல்வி, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி. "எட்டு வருசமா நானும் கீபோர்டு முன்னாடிதான் ஒக்காந்துகினு இருக்கேன்."

"அப்ப... நம்ம வூட்டுக் கம்ப்யூட்டரு?"

"சனிக்கெழம நீங்க சாப்புட்டுகினு இருந்தப்போ சேவை மையத்துலேர்ந்து ஒரு எட்டு வந்து போனேன். சாப்ட்வேர் உள்ள இருந்த ஒரு போல்டரத் தூக்கி வேற எடத்துல வச்சேன். நாளைக்கு எடுத்துத் தரேன். மொதல்ல போயிப் படம் எடுங்க, பாப்பா மாமன் மடியில ஒக்காந்துடுச்சி."

போனார்.

"மாமா, கொஞ்சம் கீழ குனிஞ்சி எடுங்க," என்றான் சுபாஷ் மாலையோடு. "அப்பத்தான் நா ஒசரமாத் தெரிவேன்."

குனிந்தார். ஊசி ஏறியதும் தமிழ்மொழி வீறிட்டாள். கூட்டத்தில் அத்தனை பேரையும் விட்டுவிட்டுத் தங்கதுரையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பேனரும் மச்சானும் மறந்துபோய், மகளைத் தூக்க ஓரடி முன்னால் வைத்தார்.

"யோவ் போட்டோக்காரரே! மறைக்காம தள்ளி நில்லுய்யா!" என்று பின்னாலிருந்து நாலு குரல்.

தள்ளி நின்றார். பந்தி போட்டதும், காலையிலிருந்து நின்ற களைப்பில் முதல் வரிசையில் ஓர் இலைமுன் போய் உட்கார்ந்தார். சுபாஷ் வகையில், தங்கதுரையை இதுவரை பார்த்திராத திருநாவலூர் அத்தை ஒருத்தி சோற்றுக் கூடையோடு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பேனரை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எழுந்திருப்பா தம்பி. இது சொந்தக்காரங்க பந்தி. போட்டோ எடுக்க வந்தவங்களுக்கெல்லாம் கடைசியிலதான்."