ஒன்பது தட்டும் ஒரு சக்கரமும்

மயிலாப்பூர்,
ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய பாலவாக்கம் சம்பந்தி அவர்களுக்கு, கிச்சா பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் என் இடுப்பு நீங்கலாக எல்லோரும் சௌக்கியம். அங்கே மாமியும், எங்கள் மாப்பிள்ளையாகப் போகிற சிரஞ்சீவி கிரீஷும் சௌக்கியமாக இருக்கக் கபாலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

இத்துடன் வருகிற இரும்புச் சக்கரத்தைப் பெற்றுக்கொள்ளவும். நிச்சயதார்த்தத்தன்று நீங்கள் கொண்டுவந்த ஒன்பது தட்டுக்கு நாங்கள் பதினொன்று வைத்தோம், அதில் குறையில்லை. ஆனால் உங்கள் வேன் கிளம்பிய பிறகு பார்த்தால், கூடத்தில் பழத்தட்டுக்கும் பருப்புத் தேங்காய்க்கும் நடுவில் ஒரு சக்கரம் உட்கார்ந்திருக்கிறது! துருப்பிடித்த இரும்பு, ஓரத்தில் கெட்டி ரப்பர், சுற்றிலும் ஓட்டை. "பேசாம இருங்கோ. பிள்ளையாத்து சம்பிரதாயமா இருக்கும். கேட்டா நமக்கு ஒண்ணும் தெரியலைன்னு ஆயிடும்" என்று என் சம்சாரம் அபயாம்பாள் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டாள். "அப்பா, கிரீஷ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேனே" என்றாள் ஹம்சினி. "மூச்சு விடப்படாது" என்றேன். வந்த சீருக்குப் பதில் சீர் போகாமல் என் பெண் உங்காத்துப் படி ஏறினால் நாளைக்கு நாலு பேர் அவளைத்தான் பேசுவார்கள். அந்தத் தலைக்குனிவு என் குழந்தைக்கு வரக் கூடாது, இதற்கு ஜோடி வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன்.

ஜோடி வாங்க வேண்டுமானால் இது என்னவென்று தெரிய வேண்டாமா? தேர்ச்சக்கரமா என்று கேட்டால் குருக்கள் சிரிக்கிறார், எதிர் ஜிம்மில் காட்டினால் ஒரு தடியன் தலைக்குமேல் தூக்கிவிட்டு இறக்கத் தெரியாமல் முழிக்கிறான். கடைசியில், பழைய போர் வண்டிப் பைத்தியங்கள் கூடுகிற ஒரு இணையக் குழுவில் படம் போட்டேன். உடனே ஆளாளுக்கு விசாரணை: ஓட்டை எத்தனை, குறுக்களவு என்ன, கிரீஸ் போடுகிற மூடி உண்டா! அபயாம்பாளின் ரவிக்கை டேப்பை எடுத்து, குப்புறப் படுத்து அளந்தேன். ஒருத்தர் டாங்கிங்கறார், இன்னொருத்தர் இல்லை, பீரங்கி இழுக்கற வண்டிங்கறார், ரெண்டு பேரும் என்னை விட்டுட்டு அவாளுக்குள்ளேயே அடிச்சுக்கறா. நானும் விடலையே! ஒரு வெள்ளைக்காரர் பழைய படம் ஒண்ணு அனுப்பினார். அதே ஓட்டை, அதே ரப்பர். இரும்புச் சங்கிலிப் பட்டையில் ஓடற ஆதிகாலத்து ராணுவ வண்டியாம், அந்தப் பட்டைக்குள்ளே வரிசையா உருள்ற சின்னச் சக்கரமாம் இது. உங்கள் வம்சத்தில் யாரோ பெரிய தளபதி இருந்திருக்கிறார் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அந்தப் படத்தோட புதுப்பேட்டை பூரா அலைஞ்சேன். பழைய உதிரிபாகம் விற்கிற அப்துல் கய்யூம் பாய், "இன்னா சார், கல்யாண சீருக்கா இது? இதே மாதிரி ஒண்ணு உள்ள கீது, எடுத்துக்கினு போ. ஆனா தனியா தூக்காத சார்" என்றார். தனியாத்தான் தூக்கினேன். இடுப்பு போனது அங்கேதான்.

சக்கரத்தைத் தேய்த்துக் கழுவி, சந்தனம் இட்டு, பூச்சுற்றி, பித்தளைத் தாம்பாளத்தில் வைத்திருக்கிறேன். குழந்தைகள் ரெண்டு பேரும் நூறு வயசு நன்னா இருக்கணும். மாமிக்கு எங்கள் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
கிச்சா

பி.கு.: இதை உறையில் போடும்போது உங்கள் வேன் டிரைவர் சாய்சரண் வந்து நிற்கிறான். "சார், வண்டில ஹேண்ட்பிரேக் புடிக்காது. டயருக்கு முட்டுக் குடுக்க ஒரு இரும்பு வீல் வெச்சிருந்தேன், அன்னிக்கு இங்கதான் காணாப்பூட்ச்சு. இத்தினி நாளா செங்கல் வெச்சு சமாளிச்சிக்கினு கீறேன்" என்கிறான். தட்டுகளோடு அதையும் சீர் என்று நினைத்துத் தானே உள்ளே கொண்டுவந்து வைத்ததாக எங்கள் வாட்ச்மேன் மணிமொழி இப்போதுதான் வாயைத் திறக்கிறார். வேனுக்குப் பின்டயர் ரெண்டாச்சே, இரண்டு சக்கரத்தையும் சந்தனமும் பூவுமாக அதே தாம்பாளத்தில் ஏற்றி அனுப்பிவிட்டேன். தாம்பாளம் மட்டும் திரும்பி வந்தால் போதும். தயவுசெய்து காலியாகவே அனுப்புங்கள்.