விளக்கெண்ணெயில் ஓடிய கார்

தனிக்கட்டையாக இருக்கிறவன் நாய் வளர்ப்பான், கிளி வளர்ப்பான். நான் ஒரு பழைய கார் வாங்கினேன். கிளியாவது கூப்பிட்டால் ஏதாவது சொல்லும். இது முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றிச் சுற்றி, என் தோள்பட்டை கழன்ற பிறகுதான் ஒரு தும்மல் தும்மும்.

ஐம்பதுகளின் கடைசி. அன்னவாசலில் சுகாதார இன்ஸ்பெக்டர் வேலை. அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. என்னைக் கண்டால் தெருவில் கதவைச் சாத்திவிடுவார்கள். (பின்னே? அம்மை குத்த வந்திருக்கேன்னு பயம்.) ராத்திரி பேச்சுத் துணைக்கு அரிக்கேன் விளக்குதான். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் படுத்துவிட்டு, தொண்டை இருக்கிறதா என்று நானே இருமிப் பார்த்திருக்கிறேன்.

ஆவூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்தப் போனபோதுதான் ரெஜினா டீச்சரைப் பார்த்தேன். அழுத பிள்ளைகளையெல்லாம் வரிசையில் பிடித்து நிறுத்தியவர், கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்க ஏன் சார் அழுவுற மாதிரி இருக்கீங்க?" என்றார். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. ஆனால் பெண் கேட்க வேண்டுமென்றால் தட்டு எடுத்துக்கொண்டு பெரியவர்கள் நாலுபேர் போக வேண்டும். எனக்கு ஏது நாலுபேர்? அதனால் காரைக் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று முடிவு செய்தேன்.

சமயமும் வாய்த்தது. திருச்சியில் டீச்சரின் அக்கா பிள்ளைக்கு ஞானஸ்நானம். "கீரனூர் ஸ்டேஷன் வரைக்கும் நானே கொண்டாந்து விடுறேங்க" என்று டீச்சரின் அப்பா சவரிமுத்துவிடம் சொன்னேன். வழியில் பேசிப் பழகலாம், அவருக்கும் என்னைப் பிடித்துப்போகும் என்று கணக்குப் போட்டேன்.

வண்டியோ பெட்ரோலுக்குச் சமமாக ஆயிலும் குடிக்கும். புதுக்கோட்டை ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "வயசான என்ஜின் சார், தேஞ்சு போச்சு. ஆயில் கெட்டியாப் போடுங்க, பில்டரையும் மாத்திருங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் வேறு வண்டிக்கு அடியில் போய்விட்டார். எவ்வளவு கெட்டி? கேட்டிருக்கலாம். கேட்டால் காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரே! (தெரியாதுதான்.) ஆயில் கடைக்குப் போனால் தகர டப்பாக்களில் முப்பது, நாற்பது, ஐம்பது என்று நம்பர் போட்டு அடுக்கியிருக்கிறது. "எது சார் வேணும்?" என்றார் கடைக்காரர். "சும்மா பார்த்தேன்" என்று திரும்பிவிட்டேன்.

அப்போதுதான் இங்கிலீஷ் பத்திரிகையில் எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. சீமையில் பந்தயக் கார்களுக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றுவார்களாம். அடடா, நம்ம ஊர் விளக்கெண்ணெய்! அதைவிடக் கெட்டியாக உலகத்தில் என்ன இருக்கிறது? செக்கடியில் வாங்கிவந்து, உள்ளே கிடந்த பழைய ஆயிலோடு அப்படியே ஊற்றினேன். புது பில்டர் திருச்சியிலிருந்து வரவேண்டும் என்றார்கள். அதற்கும் என் மூளை வழி சொன்னது. எண்ணெயை முன்கூட்டியே மல்துணியில் வடிகட்டிவிட்டால், என்ஜின் எதற்கு மறுபடியும் வடிகட்ட வேண்டும்? நன்றாக வடிகட்டியே ஊற்றினேன். பழைய பில்டர் தார் உருண்டை மாதிரி உள்ளேயே இருந்தது.

ஆவூரில் ஏறினார்கள். அப்பா முன்னால், டீச்சரும் அவர் அம்மாவும் பின்னால். வண்டி சமர்த்தாகக் கிளம்பியது. நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் என்ஜின் சூடேறி, அந்த வாசனை வந்தது.

கோடை லீவு முடிகிற சமயத்தில், கைகாலை அமுக்கிப் பிடித்து, மூக்கைப் பொத்தி வாயில் ஊற்றுவார்களே, அதே வாசனை. அதை மூக்கு மறந்தாலும் வயிறு மறக்காது. கார் பார்க்க ஓடிவந்த பிள்ளைகள் வந்த வேகத்தில் திரும்பி ஓடின. டீச்சரின் அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஜெபமாலையை எடுத்தார். சவரிமுத்து நெளிந்தார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"தம்பி, செத்த நிப்பாட்டுங்க."

"என்னங்க?"

"அங்கிட்டு... கம்மாக்கரைப் பக்கம் போயிட்டு வாரேன்."

நிறுத்தினேன். அதோடு சரி. பழைய ஆயிலும் விளக்கெண்ணெயும் சேர்ந்து அல்வாப் பதத்தில் பில்டரை அடைத்து, எண்ணெய் ஏறாமல் என்ஜின் இறுகிப்போயிருந்தது. ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கினேன். ஹேண்டில் அசையவில்லை, நான்தான் ஆடினேன்.

"என்ன எண்ணெ சார் ஊத்துனீங்க?" என்று டீச்சர் கேட்டார். சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யாரோடாவது சேர்ந்து சிரித்து எத்தனை காலமாகியிருந்தது! அத்தனை அவமானத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கீரனூர் பஸ் வந்தது. கையைக் காட்டி ஏறினார்கள். சவரிமுத்துவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து ஏறினார். டீச்சர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "நீங்களும் வாங்க சார், எடம் இருக்கு. ஞானஸ்நானத்துக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

"வண்டிய விட்டுட்டு எப்படிங்க வர்றது?" என்றேன்.

எந்த வண்டியை? மாடு கட்டி இழுத்தாலொழிய நகராத வண்டியை! பஸ் போய்விட்டது. பொழுது சாயும்வரை அந்தப் பொட்டலில் காரின் படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஈ காக்கை வரவில்லை. அழுகை வந்தது, அழுதேன். (யாரு பார்க்கப் போறா?)

அடுத்த தையில் டீச்சருக்குக் கல்யாணம். ஞானஸ்நானத்துக்குப் போன இடத்தில் பார்த்துப் பேசி முடித்த மாப்பிள்ளையாம். நான் அப்புறம் கார் வாங்கவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

பல வருஷம் கழித்து, டீச்சரின் மகள் கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. பந்தலில் நுழைந்ததுமே, "விளக்கெண்ணெ கார் தாத்தா வந்துட்டாரு!" என்று பிள்ளைகள் மொய்த்துக்கொண்டன. அந்த வீட்டில் எல்லோருக்கும் கதை மனப்பாடமாம். டீச்சரே முதலிலிருந்து நடித்துக் காட்டினார். அப்பா நெளிந்ததையும் நான் தொங்கியதையும் பார்த்து எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பஸ் வந்த கட்டத்துக்கு வந்ததும் டீச்சர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆமா, அன்னைக்கு ஏன் சார் ஏறாமப் போனீங்க? அப்பா பக்கத்துல ஒங்களுக்கு எடம் புடிச்சு வச்சிருந்தேனே."

எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காரை யாராச்சும் ஓட்டிக்கிட்டுப் போயிட்டா?" என்றேன்.

பந்தலே சிரித்தது. டீச்சர் சிரிக்க மட்டும் கொஞ்சம் நேரமானது. இப்போது அந்த வீட்டில் அதையும் சேர்த்துத்தான் கதை சொல்கிறார்களாம்.