சம்பந்தி கொண்டுவந்த கடைசி பாட்டில்

பதற்றம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு உலரும். எனக்கு உதவி செய்யத் தோன்றும். சுற்றியிருப்பவர்களுக்கு அதுதான் ஆபத்து.

என் மகள் நிலா ஒரு இத்தாலியப் பையனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னபோது நான் ஆட்சேபிக்கவில்லை. (ஆட்சேபித்திருந்தால் மட்டும் யார் கேட்டிருக்கப்போகிறார்கள்?) பையன் மார்க்கோவின் குடும்பத்துக்கு வட இத்தாலி மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம். தாத்தா காலத்திலிருந்து சிவப்பு ஒயின் தயாரிக்கிறார்கள்.

அவனுடைய அப்பா ப்ரூனோ, சம்பந்தம் பேச அமெரிக்காவில் எங்கள் பிளசன்டன் வீட்டுக்கு வந்தார். பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் கையில் ஒரு பாட்டில். மார்க்கோ பிறந்த வருடத்து அறுவடையாம். அவன் கல்யாணப் பேச்சின்போது திறக்கவென்று நிலவறையில் படுக்கப்போட்டு வைத்திருந்தார்களாம். அதில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

நானோ இருமல் மருந்தைத் தவிர வேறெந்தச் சிவப்புத் திரவத்தையும் வாயில் வைத்தறியாதவன்.

ப்ரூனோ தக்கையை எடுத்துவிட்டு, இதற்குக் கொஞ்சம் காற்றுப் படவேண்டும் என்றார். அதுவரை கொல்லைப்புறக் கறிவேப்பிலையைக் காட்டுகிறேன் என்று என் மனைவி சுமதி எல்லோரையும் அழைத்துப் போனாள். கடைசியாகப் போன நிலா என் காதோரம், "அப்பா, ப்ளீஸ், டோன்ட் டச் இட்" என்றாள்.

காற்றுதானே படவேண்டும்? இந்த ஒரு வித்தையில் எங்களை மிஞ்ச இத்தாலியில் ஆள் ஏது? டவரா டம்ளரை எடுத்தேன். ஒயினை ஊற்றி, ஒரு முழம் தூக்கி ஆற்றினேன். லேசாக நுரைத்தது. நுரையைப் பார்த்தால் நிதானம் இழக்கும் ரகம் நான். இன்னும் தூக்கினேன். டவரா இருந்த இடத்தில் இல்லை. என் வேட்டி இருந்தது. (நம் பண்பாட்டைக் காட்டவென்று கட்டிய வெள்ளை வேட்டி.)

எல்லோரும் திரும்பி வந்தபோது, கொலை செய்துவிட்டு ஓடத் தெரியாதவன் மாதிரி நின்றிருந்தேன்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் சுமதி.

"ஆத்தறேன்."

நிலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ப்ரூனோ டம்ளரை வாங்கி, அதில் மிஞ்சியதை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இதில் காபி வாசனை வருகிறதே, இந்த அறுவடையில் அது இருந்ததில்லையே என்றார் வியப்போடு.

பேசாமல் இருந்திருக்கலாம். நிலாவின் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை. காலையில் நான் காபி குடித்த டவராதான், அவசரத்தில் சும்மா அலசினேன் என்றேன்.

ப்ரூனோ என் வேட்டியைப் பார்த்தார். பிறகு நாற்காலி குலுங்கச் சிரித்தார். தன் அப்பாவும் விருந்தாளி வந்தால் பதறிப்போய் எதையாவது கொட்டிவிடுவாராம். "என் பையன் பழகிய வீட்டுக்குத்தான் வருகிறான்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, நிலாவின் தலையில் கை வைத்தார். பாட்டிலில் மிச்சமிருந்ததை அவரே ஊற்றிக் கொடுத்தார், என்னைச் சோபாவில் உட்காரவைத்துவிட்டு.

ப்ரூனோ கேட்டு வாங்கிப்போன அந்த டவரா டம்ளர் இப்போது அவர்களுடைய ஒயின் கூடத்து மேசையில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறாராம். ஒவ்வொரு முறையும் நான் தூக்கிய உயரம் கூடுகிறது என்று மார்க்கோ சொல்கிறான்.

போன அறுவடையின்போது பேத்தி பிறந்தாள். அவள் பெயரில் நிலவறையில் பாட்டில்கள் படுத்துவிட்டன. அவற்றைத் திறக்கும் நாளில் நான் கிச்சன் பக்கமே வரக்கூடாது என்று சுமதி இப்போதே சொல்லிவிட்டாள்.

நான் தினமும் தண்ணீரை ஆற்றிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.