நாலு இலையும் ஒரு கொத்துப் பூவும்

குச்சியின் வெட்டிலிருந்து பால் வடிவது நிற்கவே இல்லை. மாணிக்கவாசகம் அதைத் துண்டால் துடைத்துப் பார்த்தார், விபூதியை அப்பிப் பார்த்தார், கடைசியில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். விரல் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

"இன்னாங்க, ஊசி போட்ட இடத்தை அழுத்திக்கினு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் அவர் மனைவி அம்சவேணி.

"சும்மா இரு. கீர்த்தி கல்யாணமே இந்தக் குச்சியிலதான் இருக்குது."

அவர் கொஞ்சமும் மிகைப்படுத்தவில்லை. அரை மணி நேரம் முன்புதான் ஐயம்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா மங்கையர்க்கரசி, செய்தித்தாளில் சுற்றிய இந்த மொட்டைக் குச்சியைத் தாம்பூலத் தட்டில் வைத்துவிட்டார்.

"வெறுங்கையோட வரக் கூடாதுன்னு எங்க மாடித் தோட்டத்துல ஒடிச்சிக்கினு வந்தேன் அண்ணே. கள்ளி மந்தாரை. வெள்ளைப் பூ, நடுவுல மஞ்சள். உங்க கைராசியில இது துளிர்க்கட்டும். துளிர்த்த சேதி வந்தவுடனே நிச்சயத்துக்கு நாள் குறிச்சிடலாம்."

இதற்கெல்லாம் காரணம் தரகர் உதயகுமார். "அந்தம்மாவுக்குச் செடின்னா உசுரு. உங்க வீட்லயும் அப்படித்தான்னு சொல்லி வெச்சிருக்கேன், கவுத்துடாதீங்க" என்று வாசலிலேயே காதைக் கடித்துவிட்டுத்தான் அவர்களை உள்ளே அழைத்து வந்தார். பிள்ளையார்பாளையத்தில் மாணிக்கவாசகம் நெய்யாத கொடியில்லை. மல்லிமொக்கு, மாங்காய், வாழைப்பூ என்று பட்டில் எதைக் கேட்டாலும் பூக்கவைப்பார். மண்ணில் மட்டும் அவர் கை பட்டது எதுவும் பிழைத்ததில்லை. வீட்டில் இரண்டு தறி உண்டு, ஒரு பூந்தொட்டி கிடையாது.

ஆனாலும் "செடியா, எங்களுக்கு அதானேம்மா பொழுதுபோக்கு" என்று சொல்லிவிட்டார். வேறென்ன செய்வது? கீர்த்திக்கு மாப்பிள்ளை தினேஷைப் பிடித்துப் போயிருந்தது. எத்தனையோ பேர் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போன வீடு அது. அப்போதெல்லாம் தலையை நிமிர்த்தாத பெண், இந்த முறை தானாகவே வாசல்வரை வந்து வழியனுப்பினாள். மகள் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்த அப்பாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதற்காகக் குச்சி என்ன, தூணைக் கொடுத்தாலும் துளிர்க்க வைக்க அவர் தயார்.

"கீர்த்தி, ஒண்ணு சொல்றேன். மாப்பிள்ளைகிட்ட இன்னா வேணா பேசு. செடிப் பேச்சை மட்டும் எடுக்காத. நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவரு அம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டார்னா மானம் போயிடும்."

"அவரும் அந்தப் பேச்சை எடுக்கறதே இல்லப்பா" என்றாள் கீர்த்தி. அரை மணி நேரத்துக்குள் எத்தனை முறை போனில் பேசியிருந்தார்களோ தெரியாது.

சாயம் வாங்கி வந்த பழைய பிளாஸ்டிக் வாளியில் மண்ணை நிரப்பி, பால் வடிய வடியக் குச்சியை நட்டார். காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் என்று தண்ணீர் ஊற்றினார். வாளியின் அடியில் ஓட்டை போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சில நாளில் குச்சியின் அடிப்பாகம் கொழகொழவென்று ஆனது.

"தொஞ்சி போச்சுப்பா" என்றாள் கீர்த்தி, விரலால் அழுத்திப் பார்த்து.

தொய்வு என்ற சொல்லைக் கேட்டதும் மாணிக்கவாசகத்துக்கு மூளை வேலை செய்தது. இதுவரை தெரியாத விஷயத்தில் தவித்துக்கொண்டிருந்தார், இப்போது தெரிந்த விஷயம் வந்துவிட்டது.

"பாவு தொஞ்சா இன்னா பண்றோம்? கஞ்சி போடறோம். விறைச்சிக்கினு நிக்குது. அம்சா, அரிசிக் கஞ்சி காச்சு."

தறியின் நீள இழைகளான பாவுக்குப் போடும் அதே பதத்தில் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, குச்சிக்கு உச்சிமுதல் அடிவரை தடவி, மீதியை வேரில்லாத வேருக்கு ஊற்றினார். முதல் நாள் எறும்பு வந்தது. அடுத்த நாள் பூஞ்சை வந்தது. அதற்கடுத்து வந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் வந்தாள்.

"எலி ஏதாவது செத்துக் கெடக்குதா உங்க வீட்ல?"

குச்சியை எடுத்தபோது பாதி வாளியிலேயே தங்கிவிட்டது. மாணிக்கவாசகம் கையிலிருந்த பாதியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஐயம்பேட்டையிலிருந்து போன் வந்தது.

"இன்னா அண்ணே, துளிர் வந்துச்சா?"

"வருதும்மா, வந்துக்கினே இருக்குது" என்றார். வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் வேர்த்தது.

கீர்த்தி அன்று போனும் கையுமாக உட்கார்ந்து முழுப் பாடமும் படித்தாள். "எல்லாமே தப்புப்பா. வெட்டின குச்சியை உடனே நடக் கூடாதாம். நிழல்ல வெச்சிப் பால் காஞ்சி, வெட்டு வாய் மூடிக்கணுமாம். அப்புறம் மணல் கலந்த மண்ணுல நட்டு, தண்ணியே காட்டாம விடணுமாம். அப்பவும் வேர் புடிக்க ரெண்டு மாசம் ஆவுமாம்."

"ரெண்டு மாசமா? ஆடி பொறந்துடுமே. ஆடியில எவன் நிச்சயம் பண்ணுவான்?"

"விதை போட்டா சீக்கிரம் முளைக்குமாம்பா."

கீர்த்தி வேலை பார்ப்பது ஏனாத்தூர்ப் பக்கம். வழியில் ஒரு கள்ளி மந்தாரை மரம் நின்றது. அதில் மாட்டுக் கொம்பு போல ஜோடியாகத் தொங்கிய காய்ந்த காயைப் பறித்து வந்தாள். பிளந்தால் உள்ளே இறக்கை கட்டிய விதைகள் அடுக்கடுக்காக இருந்தன. ஈரத் துணியில் ஒரு நாள் சுற்றி வைத்து, இட்லித் தட்டுக் குழிகளில் மண் போட்டு ஊன்றினார்கள்.

முளைத்தது. ஒன்றல்ல, எல்லாக் குழியிலும் முளைத்தது. விதைத் தோலைத் தொப்பி போலப் போட்டுக்கொண்டு பச்சைப் பசேலென்று எட்டிப் பார்த்தன. மாணிக்கவாசகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தார். தறியில் உட்கார்ந்திருந்தவர் இழை ஓட்டும் நாடாவை நாலு முறை எறிவதற்குள் ஐந்து முறை எழுந்து போய்ப் பார்த்தார். தன் கையால் மண்ணில் ஓர் உயிர் வந்திருக்கிறது என்ற சந்தோஷத்தில் தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அந்தச் சந்தோஷத்தோடு இருந்தபோது மறுபடி போன் வந்தது.

"நாலு இலை வந்துட்டுதும்மா" என்றார் பெருமையாக.

போனை வைத்த பிறகு அம்சவேணி கேட்டாள். "அவங்க குடுத்தது முழ நீளக் குச்சி. நீங்க காட்டப் போறது சுண்டுவிரல் நீள நாத்து. குச்சி இன்னாச்சின்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க, இளைச்சிப் போச்சின்னா? என் இட்லித் தட்டு எப்ப கிடைக்கும்?"

ஏனாத்தூர் மரத்திலிருந்தே புதுக் குச்சி ஒன்று வந்தது. இந்த முறை எல்லாம் முறைப்படி நடந்தது. பரணில் காயவைத்து, வெட்டு வாய் மூடியதும், அடியில் ஓட்டை போட்ட தொட்டியில் மணல் கலந்து நட்டார்கள். முறைப்படி நடக்காதது ஒன்றுதான். மாணிக்கவாசகம் தினமும் காலையில் பல் துலக்கியதும் குச்சியைப் பிடுங்கி, வேர் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப நட்டார். கீர்த்தி கையும் களவுமாகப் பிடிக்கும்வரை இது நடந்தது.

"அப்பா, தொடாதப்பா. புடுங்கிக்கினே இருந்தா எப்படி வேர் வுடும்?"

"வுட்டுதான்னு பாக்க வேணாமா?"

மூன்றாம் முறை போன் வந்தபோது மாணிக்கவாசகம் குளித்துக்கொண்டிருந்தார். எடுத்தது அம்சவேணி. அந்தப் பக்கம் மங்கையர்க்கரசி தன் மாடித் தோட்டத்தைப் பற்றி அளக்க ஆரம்பித்தார். எத்தனை நிறம், எத்தனை வகை, எவ்வளவு வாசனை. கேட்டுக்கொண்டே இருந்த அம்சவேணிக்கு ஒரு கட்டத்தில் ரோஷம் வந்துவிட்டது.

"எங்க வீட்லயும் பூ வந்துட்டுதுங்க. கொத்தா."

"அப்படியா? அப்ப நாளைக்கே வந்து பாத்துட்டு, தேதியும் குறிச்சிடறோம்" என்றது அந்தப் பக்கக் குரல்.

தலையில் ஈரத்தோடு வந்த மாணிக்கவாசகம் விஷயத்தைக் கேட்டு அப்படியே தறிக் குழி ஓரத்தில் உட்கார்ந்தார். "நானாவது இலையோட நிறுத்தினேன். நீ பூவே வெச்சிட்ட."

"அவங்க அளந்தாங்க, நானும் அளந்தேன். இப்ப யோசனை சொல்லுங்க."

அவர் யோசித்தார். எதிரே தறியில் அறுந்த இழை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கை தன்பாட்டுக்கு அதை எடுத்து, விபூதியைத் தொட்டு, முடிச்சுத் தெரியாமல் முறுக்கிப் பிணைத்தது. பிணைத்த இடத்தையே பார்த்தார். பிறகு குதித்து எழுந்தார்.

"கீர்த்தி, நாளைக்கு லீவு போடு. ஏனாத்தூர் போய் நாலு இலை, ஒரு கொத்துப் பூ. வாடாம எடுத்துக்கினு வா."

மறுநாள் காலை அந்த வீட்டில் நடந்தது ஓர் அறுவை சிகிச்சை. மாணிக்கவாசகம் பச்சைப் பட்டு இழையை எடுத்து, ஒவ்வொரு இலைக் காம்பையும் மொட்டைக் குச்சியின் உச்சியில் வைத்துக் கட்டினார். அம்சவேணி டார்ச் பிடித்தாள். கீர்த்தி வடிந்த பாலைப் பஞ்சால் ஒற்றினாள். கடைசியில் பூங்கொத்தையும் நடுவில் வைத்து இறுக்கிய பிறகு மூவரும் எட்ட நின்று பார்த்தார்கள். முடிச்சு இருந்த இடம் கட்டினவருக்கே தெரியவில்லை. அப்படி ஒரு வேலை. மூவருக்கும் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

"அப்பா" என்றாள் கீர்த்தி மெதுவாக. "அவங்க மரம் வெள்ளைன்னு சொன்னாங்களே. இது ரோஸ்."

வேறு பூ தேட நேரமில்லை. வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றுவிட்டது.

மங்கையர்க்கரசி, அவர் கணவர் சபாபதி, மாப்பிள்ளை தினேஷ் மூவரும் இறங்கினார்கள். சபாபதியும் நெசவாளிதான். பெண் பார்க்க வந்த அன்று வாயைத் திறக்காதவர். மங்கையர்க்கரசி நேராகத் தொட்டியிடம் போய் நின்றார். பூவைப் பார்த்தார். அவர் புருவம் உயர்ந்தது. மாணிக்கவாசகத்தின் உயிர் தொண்டைக்கு வந்தது.

"எங்க மரமும் முதல்ல இப்படி ரோஸாத்தான் பூத்துது அண்ணே. போகப் போக வெள்ளையாயிடும்" என்றார் மங்கையர்க்கரசி.

"அப்படித்தாம்மா நானும் நெனச்சேன்" என்றார் மாணிக்கவாசகம், வந்த உயிரை விழுங்கிக்கொண்டு.

மங்கையர்க்கரசி ஒரு இலையைத் தொடக் கை நீட்டினார்.

"புதுத் துளிருங்க, கை படக் கூடாது" என்று பாய்ந்தாள் அம்சவேணி.

"எனக்குத் தெரியாதா?" என்று அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

ஆனால் சபாபதி தொட்டியை விட்டு நகரவில்லை. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டுக் குனிந்தார். ஒரு இலைக் காம்பின் அடியை நகத்தால் லேசாக நெருடினார். நிமிர்ந்து மாணிக்கவாசகத்தை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை மாணிக்கவாசகத்துக்குத் தெரியும். சேலையில் பிணைத்த இழையைக் கண்டுபிடித்த நெசவாளியின் பார்வை அது.

சபாபதி போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கேசரி வந்தது, காபி வந்தது. தினேஷும் கீர்த்தியும் ஒருவரை ஒருவர் பார்க்காதது போல நடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மங்கையர்க்கரசி காலண்டரைக் கழற்றச் சொல்லி, ஆனி முடிவதற்குள் ஒரு முகூர்த்தத்தில் விரலை வைத்தார்.

"இதுலயே நிச்சயத்தை வெச்சிக்கலாம். அதுக்கு முன்னாடி, வர்ற வெள்ளிக்கிழமை நீங்க எல்லாரும் எங்க வீடு பாக்க வந்துடுங்க."

கீர்த்தியின் முகம் விளக்கேற்றியது போல ஆனது. அதைப் பார்க்கப் பார்க்க மாணிக்கவாசகத்துக்கு ஆனந்தம் ஒரு பக்கம், பயம் மறுபக்கம். சபாபதி ஆட்டோவில் ஏறியதும் மனைவியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது.

கிளம்பும்போது மற்றவர்கள் முன்னால் போக, சபாபதி மட்டும் செருப்பைத் தேடுவது போலப் பின்தங்கினார். மாணிக்கவாசகம் அவர் அருகில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, நான் உங்ககிட்ட மறைக்க விரும்பல. அந்தக் குச்சி..."

சபாபதி அவர் வாயைப் பொத்தாத குறையாகக் கையை உயர்த்தினார். ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்த மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, முதல் முறையாகப் பேசினார்.

"அந்த முடிச்சை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க சம்பந்தி, வெள்ளிக்கிழமை நீங்க வர்றீங்க, எங்க மாடியில வெறும் தொட்டி மட்டுந்தான் இருக்குது."